மலிவு விலைக் கருவிப் பெட்டி: உழவர் வாங்கலாமா?

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணி நகரம் முழுவதும் காவடிகளாகவே இருக்கும். மலையடிவாரத்திலும், சாலையின் இருமருங்கிலும் தற்காலிகக் கடைகள் முளைத்துவிடும். வளையல், பாத்திரம், பொரி, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றுக்கு நடுவே இப்பொழுது இன்னொரு சரக்கும் கண்ணில் படுகிறது. அது பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி வைத்த கைக்கருவித் தொகுப்பு. மூடியைத் திறந்தால் ஸ்பேனர்கள், திருப்புளிகள், கட்டிங் பிளேயர், சிறு சுத்தியல், அளவு நாடா என எல்லாம் வெள்ளிபோல் மின்னும். ஊருக்குள் இருக்கும் இரும்புக் கடைகளிலும் இதே பெட்டி உண்டு. கைப்பேசி வழியாகப் பணம் கட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

"சார், இந்தப் பெட்டியை வாங்கி வைக்கலாமா? விலை கம்மியா இருக்குதே" என்று என்னிடம் கேட்காத உழவர் கூட்டமே இல்லை எனலாம். பயிர் ரகம் பற்றியும் பூச்சி மருந்து பற்றியும் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் பேசிய அளவுக்கு, அன்றாடம் கையில் பிடிக்கும் கருவியைப் பற்றிப் பேசியதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு என் கருத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

பெட்டியைப் பார்த்து வாங்கியவர்

திருத்தணிக்கு அருகில் ஒரு சிற்றூர். இரண்டு ஏக்கரில் தைப்பட்டத்தில் நிலக்கடலை விதைத்திருந்தார் ஒரு பெரியவர். திறந்த கிணறு, மோனோபிளாக் பம்பு. பங்குனி மாதம், விழுது இறங்கும் பருவம். பம்பு திடீரென்று தண்ணீர் எடுக்க மறுத்தது. உறிஞ்சு குழாயின் பிளாஞ்சில் வாஷர் கெட்டுக் காற்று வாங்கியது. இது பெரிய கோளாறு அன்று. நான்கு போல்ட்டைக் கழற்றிப் புது வாஷர் வைத்து முடுக்கினால் அரை மணி நேர வேலை.

அவரிடம் திருவிழாவில் வாங்கிய கருவிப் பெட்டி இருந்தது. முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. பலம் கொடுத்துத் திருப்பியபோது ஸ்பேனரின் வாய் விரிந்துவிட்டது. போல்ட் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிவிட்டன. பிறகு நல்ல ஸ்பேனர் கொண்டுவந்தும் பிடிப்பு இல்லை. உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை. நகரத்திலிருந்து மெக்கானிக் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் மேல்மண் காய்ந்து இறுகிவிட்டது.

நிலக்கடலையில் பூவிலிருந்து புறப்படும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். மண் இறுகினால் விழுது வெளியிலேயே நின்று காய்ந்து போகும். பூக்கும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் ஈரம் குறையக் கூடாது என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நான் அந்த வயலைப் பார்க்கப் போனபோது அவர் விரிந்த ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். "சார், நான் பெட்டியைப் பாத்து வாங்கினேன்; இரும்பைப் பாத்து வாங்கல" என்றார். இந்தக் கட்டுரைக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை கிடையாது.

எண்ணிக்கை ஏமாற்றும்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது உருப்படிகளின் எண்ணிக்கை. 46 உருப்படி, 108 உருப்படி என்று இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 46 உருப்படி கொண்ட பெட்டி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் சராசரி விலை ஏறத்தாழ 26 ரூபாய். பெட்டிக்கு, அச்சிட்ட அட்டைக்கு, வண்டி வாடகைக்கு, கடைக்காரர் லாபத்துக்கு எல்லாம் இதிலிருந்துதான் கழிய வேண்டும். மிச்சம் இருக்கும் தொகையில் நல்ல எஃகும் முறையான வெப்பப் பதமும் எப்படி வரும்?

அந்த 46 உருப்படிகளும் எவை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் திருப்புளியில் மாட்டும் சிறு முனைகளும் சிறு சாக்கெட்டுகளும் ஆகும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவருக்கு அவை உதவலாம். பம்பு, தெளிப்பான், பவர் டில்லர் வைத்திருக்கும் உழவருக்கு அவற்றால் என்ன பயன்? பம்பு பிளாஞ்சில் 16 மில்லிமீட்டர் போல்ட் இருந்தால் அதற்கு 24 ஸ்பேனர் தேவை. இந்தப் பெட்டிகள் பலவற்றில் அந்த அளவே இருப்பதில்லை. பழைய ஆயில் என்ஜின் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை அதில் மாட்டினால் சற்றே தளர்ந்து நிற்கும். அந்தத் தளர்ச்சியே மூலையை மழுக்கிவிடும்.

திருத்தணி மலைக்கு ஏற 365 படிகள்; ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பார்கள். கருவி வாங்கும்போதும் அந்த 365-ஐ நினைவில் கொள்ளுங்கள். இந்தக் கருவி ஆண்டில் எத்தனை நாள் என் கையில் இருக்கும்? நூறு நாள் பிடிக்கும் கருவிக்கு நல்ல விலை கொடுக்கத் தயங்க வேண்டாம். ஒரு நாளும் தொடாத கருவி இலவசமாகக் கிடைத்தாலும் இடத்தை அடைக்கும்.

மலிவுக் கருவி ஏன் கெடுகிறது?

ஸ்பேனர் போன்ற கருவிகளை நல்ல தொழிற்சாலைகள் குரோம் வனேடியம் போன்ற கலவை எஃகில் செய்கின்றன. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்குகின்றன. பிறகு சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துகின்றன. முதல் தோய்ச்சல் கடினத்தைக் கொடுக்கும். இரண்டாவது சூடு உடையாத தன்மையைக் கொடுக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கருவி.

மலிவுக் கருவியில் சாதாரண இரும்பைப் பயன்படுத்தி, தோய்ச்சலைத் தவிர்த்துவிட்டு, மேலே பளபளப்பு முலாம் பூசிவிடுகிறார்கள். அதனால் வாய் விரிகிறது. திருப்புளி முனை முறுக்கிக்கொள்கிறது. வேறு சில, உருக்கி வார்த்த இரும்பு. அவை வளைவதில்லை, திடீரென்று உடைகின்றன. வளைவதைவிட இது ஆபத்து. முழு பலத்தோடு இழுக்கும்போது கருவி உடைந்தால் கை போய் மோதும் இடம் பம்பின் இரும்புத் தளமோ கிணற்றுச் சுவரோதான்.

"குரோம் வனேடியம்" என்று கருவியின் மேலேயே பொறித்திருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எழுத்தைப் பொறிக்க அச்சு ஒன்று போதும். எழுத்து எஃகை மாற்றிவிடாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் பயன் தராது. நல்ல எஃகும் ஒட்டும், சாதாரண இரும்பும் ஒட்டும்.

மின்சாரம் விளையாட்டன்று

பெட்டியில் உள்ள கட்டிங் பிளேயரின் பிடிக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் நிற உறை இருக்கும். அதை மின்காப்பு உறை என்று நம்பிவிட வேண்டாம். பல பெட்டிகளில் அது கை வழுக்காமல் இருக்கப் போட்ட வெறும் பிளாஸ்டிக். மின்காப்புக்கென்றே செய்த கருவியில் 1000 வோல்ட் என்ற குறியும், இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும். நம்பகமான உற்பத்தியாளரின் பெயரும் இருக்கும்.

நம் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் வருவது மும்முனை மின்சாரம், 415 வோல்ட். ஈரக் காலோடு, இரவு நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கிறோம். மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைக் கையோடு கழற்றி வைத்துக்கொண்ட பிறகே கருவியை எடுக்க வேண்டும். நல்ல பிளேயர் இருந்தாலும் இந்த விதி மாறாது. ஆனால் மலிவு பிளேயரின் உறையை நம்பி மெயினை அணைக்காமல் கை வைப்பவர், நூறு ரூபாய் மிச்சத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறார்.

கடையில் சோதிப்பது எப்படி?

படித்தவர்தான் சோதிக்க முடியும் என்பதில்லை. கண்ணும் கையும் போதும்.

1. முதலில், வீட்டிலேயே உங்கள் பம்பு, தெளிப்பான், டில்லர் ஆகியவற்றில் உள்ள போல்ட் அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாள் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். முடிந்தால் ஒரு பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்பேனரை அதில் மாட்டிப் பார்த்தால் தளர்ச்சி உடனே தெரியும்.

2. ஸ்பேனரின் வாயின் உட்புறத்தைப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக, நேராகக் கடைந்திருக்க வேண்டும். சொரசொரப்பும் சிறு குழிகளும் இருந்தால் அது வார்ப்பு வேலை.

3. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் வாய் முழு நீளமும் ஒட்டி நிற்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பி வெட்டுப்படாது. மூட்டு ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது.

4. சுத்தியலின் காம்பை அசைத்துப் பாருங்கள். தலை ஆடினால் வேண்டவே வேண்டாம். கழன்று பறக்கும் சுத்தியல் தலை எதிரே இருப்பவரைக் கொல்லவும் கூடும்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841 என்று நம் நாட்டிலேயே தரம் வகுத்திருக்கிறார்கள். 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம், 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக இயங்கி வருகிறது. ஐ.எஸ்.ஐ. என்ற பழைய முத்திரைதான் இன்றும் தொடர்கிறது.

6. சந்தேகம் இருந்தால் முழுத் தொகுப்பை வாங்காமல் ஒரே ஒரு ஸ்பேனரை வாங்குங்கள். வீட்டில் அதன் ஓரத்தில் அரத்தைப் போட்டுப் பாருங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அது பதமில்லாத இரும்பு. தயங்கித் தயங்கிப் பிடித்தால் பதம் உண்டு என்று கொள்ளலாம்.

பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா, இராஜஸ்தானில் நாகௌர் ஆகிய ஊர்கள் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஜலந்தரில் மத்திய கைக்கருவி நிறுவனமே இயங்குகிறது. நம் நாட்டுக் கருவிகள் கடல் கடந்தும் விற்பனையாகின்றன. ஆகவே நல்ல கருவி வேண்டுமானால் வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கிடைக்காது என்ற சாக்கும் இல்லை.

மண்வெட்டியும் களைக்கொத்தியும்

இதுவரை கூறியது பம்பு வேலைக்கான கருவிகளைப் பற்றியது. உழவருக்கு அதைவிட முக்கியமானவை மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்தி, அரிவாள் ஆகியவை. இவையும் இப்பொழுது தொகுப்பாக வரத் தொடங்கிவிட்டன.

திருத்தணி வட்டாரத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, மக்கள் நகரிக்கும் புத்தூருக்கும் போய்ச் சாமான் வாங்குவது மாறவில்லை. தெலுங்கில் 'பார' என்றால் மண்வெட்டி. நம் பக்கத்தில் 'பாரை' என்றால் கடப்பாரை. சொல்லை மட்டும் நம்பினால் ஒன்றுக்கு ஒன்று மாறி வந்துவிடும். கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்!

நல்ல மண்வெட்டியில் அலகும் காம்பு நுழையும் கண்ணும் ஒரே இரும்பில் அடித்து உருவாக்கியவையாக இருக்கும். மலிவு மண்வெட்டியில் மெல்லிய தகட்டை வெட்டி, கண்ணைத் தனியே பற்றவைத்து, மேலே வர்ணம் பூசியிருப்பார்கள். வர்ணத்துக்கு அடியில் பற்றவைத்த மேடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அலகை ஒரு கல்லால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. தகரம்போல் ஒலித்தால் வேண்டாம்.

விலைக் கணக்கையும் பார்ப்போம். 250 ரூபாய் மண்வெட்டி ஒரு பருவத்தில் மடங்கிவிடுகிறது, 600 ரூபாய் மண்வெட்டி ஐந்து ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒன்றாக மலிவு மண்வெட்டி வாங்கினாலும் ஐந்து ஆண்டில் 1,250 ரூபாய் ஆகிறது. கருவி மடங்கிய நாளில் வேலைக்கு வந்த ஆள் சும்மா நின்ற கூலியை இதில் சேர்க்கவில்லை.

மா, மல்லிகைத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மல்லிகையை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறோம். மழுங்கிய மலிவுக் கத்தரிக்கோல் கிளையை வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும். கிழிந்த பட்டையில் பூசணம் நுழைந்து கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். மாமரத்திலும் இதே கதைதான். கவாத்துக் கத்தரியும் கவாத்து வாளும் மலிவில் வாங்கக் கூடாத பொருள்கள்.

ஊர்க் கொல்லரை மறக்கலாமா?

கருவி வாங்குவது என்றால் கடை ஒன்றுதான் வழி என்று நினைத்துவிட்டோம். நம் தகப்பனார் காலத்தில் ஊர்க் கொல்லர் பட்டறையே கருவிக்கடை. அவர் லாரியின் பழைய வில்பட்டையை வெட்டி அரிவாளும் கொத்தியும் அடித்துத் தருவார். அது வெறும் சிக்கனம் அன்று. வில்பட்டை எஃகில் கரிச்சத்து ஏறத்தாழ அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். சாதாரண இரும்பில் அதில் பாதிகூட இருப்பதில்லை. கரிச்சத்து போதிய அளவு இருந்தால்தான் தோய்ச்சல் பிடிக்கும், கருக்கு நிற்கும். இதை ஏட்டில் படிக்காமலே நம் கொல்லர்கள் கையறிவாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. கொல்லர் ஆளுக்கு ஏற்பக் கருவி செய்வார். குட்டையான ஆளுக்கு ஒரு காம்பு, நெட்டையான ஆளுக்கு ஒரு காம்பு. கரிசலுக்கு ஒரு அலகு, செம்மண்ணுக்கு ஒரு அலகு. தேய்ந்தால் காய்ச்சி அடித்து மறுபடியும் கருக்கு வைத்துக் கொடுப்பார். பெட்டியில் வரும் கருவிக்கு இந்த மறுபிறவி கிடையாது, தேய்ந்தால் குப்பைதான்.

பல ஊர்களில் உலை அணைந்துவிட்டது. பட்டறை இருக்கும் ஊரில் உள்ளவர்கள் அரிவாளையும் கொத்தியையும் அங்கேயே செய்துகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். ஆசாரியிடம் போகும்போது பேரம் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "என்ன இரும்பு போடறீங்க?" அந்தக் கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் வந்தால் அவரும் மகிழ்ச்சியோடு நல்ல இரும்பு போடுவார்.

புதிய முறைக் கருவிகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். நின்றுகொண்டே களை எடுக்கும் நீண்ட காம்புக் களைக்கருவிகளை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. 1976-இல் போபாலில் தொடங்கிய மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல் வைத்த அரிவாள், சக்கரக் கொத்தி போன்றவற்றைத் தந்திருக்கிறது. நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்து களை எடுக்கும் பெண்களின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இவை நல்லவை.

நான் செய்த தவறு

அறிவுரை கூறுபவன் தன் பிழையையும் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாமின் முடிவில் சிறு உழவர்களுக்கும் பண்ணைப் பெண்களுக்கும் கருவித் தொகுப்பு வழங்குவதற்காகத் தொகை ஒதுக்கப்பட்டது. அதைத் தேர்வு செய்யும் பொறுப்பு எனக்கு. ஒதுக்கிய தொகைக்குள் அதிகம் பேருக்கு, அதிக உருப்படிகள் கொடுக்கலாமே என்று நினைத்து, விலைப்புள்ளிகளில் குறைந்ததைப் பரிந்துரைத்தேன். கருவிகளைத் தடவிப் பார்த்தேனே தவிர, மண்ணில் போட்டுப் பார்க்கவில்லை. புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் மகிழ்ச்சியோடு கலைந்தோம்.

அடுத்த பருவத்தில் அந்த ஊருக்குப் போனேன். களைக்கொத்திகள் பலவற்றில் கழுத்துப் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. ஒரு அம்மாளுக்குக் கொத்தும்போது அலகு கழன்று கணுக்காலில் வெட்டியிருந்தது. இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. "ஏம்மா, உடனே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "சும்மா குடுத்ததைக் குறை சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன் சார்" என்றார்.

அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. சும்மா கொடுத்தது அன்று அது. மக்களுடைய பணம். இரண்டு வாரக் கூலியையும் வலியையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நாங்கள் கொடுத்த கருவி.

ஆகவே ஒரு கருத்தை வற்புறுத்த விரும்புகிறேன். வேளாண்மைத் துறை கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்தி, அரிவாள் போன்றவை அடங்கிய தொகுப்பை மானிய விலையில் உழவர்களுக்கு வழங்கி வந்திருக்கிறது. நல்ல நோக்கம்; வரவேற்கத்தக்கது. ஆனால் இத்தகைய தொகுப்பு எந்தத் திட்டத்தில் வந்தாலும், யார் வழங்கினாலும், மூன்று விதிகள் இருக்க வேண்டும். முதலாவது, எட்டு உருப்படிக்குப் பதில் நான்கு போதும். அந்த நான்கும் தரமாக இருக்கட்டும். இரண்டாவது, வழங்குவதற்கு முன் மாதிரிக் கருவியை அந்த ஊர் மண்ணில், அந்த ஊர்த் தொழிலாளர் கையில் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கட்டும். மூன்றாவது, உள்ளூர்க் கொல்லரும் பங்கு பெற வழி இருக்கட்டும். குறைந்த விலை என்பது தாளில் தெரியும் கணக்கு. உழைக்கும் காலம் வயலில் தெரியும் கணக்கு.

உழவர்களும் சும்மா இருக்கக் கூடாது. மானியத்தில் வாங்கினாலும் நம் பங்குத் தொகையைக் கட்டுகிறோம். கருவி சரியில்லை என்றால் உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காத குறை எங்கள் காதுக்கு வராது.

மலிவு எங்கே கூடும்?

மலிவுப் பொருளையே தொடாதே என்று நான் கூறவில்லை. கையில் காசு இல்லாத உழவருக்கு அப்படிக் கூறுவது நியாயமும் அன்று. அளவு நாடா, ரசமட்டம், வர்ணத் தூரிகை, சிமெண்டு பூசும் கரணை, ஆக்சா பிளேடு மாட்டும் சட்டம் போன்றவை மலிவாக இருந்தாலும் பெரிய கேடில்லை. எப்போதாவது ஒரு முறை தொடும் கருவியும் அப்படியே. வீட்டில் நாற்காலி முடுக்க, சைக்கிள் சரிபார்க்க, பள்ளி செல்லும் பையன் கைவேலை பழக ஒரு மலிவுப் பெட்டி போதும். பையன் எந்தக் கருவியை அடிக்கடி எடுக்கிறான், எது முதலில் கெடுகிறது என்று பார்த்து, கெட்டதை மட்டும் நல்லதாக மாற்றிக்கொண்டே வரலாம்.

கருவி கெட்டால் கருவி மட்டுமே போகும் என்றால் மலிவு சரி. கருவி கெட்டால் பயிரோ, உடம்போ, உயிரோ போகும் என்றால் மலிவு கூடாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

எதை வாங்குவது?

தனி உழவர் ஒருவருக்கு என் பரிந்துரை இது. 10-11, 12-13, 16-17, 18-19 ஆகிய நான்கு இரட்டை ஸ்பேனர்கள், தம் பம்பு பிளாஞ்சுக்கு உரிய அளவில் ஒரு ரிங் ஸ்பேனர், ஒரு நல்ல கட்டிங் பிளேயர், நடுத்தர அளவில் ஒரு திருப்புளி, ஒரு சுத்தியல், ஓர் உளி. மொத்தம் ஒன்பது உருப்படி. ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கடலை விற்ற மாதம் இரண்டு, நெல் விற்ற மாதம் இரண்டு என்று சேர்க்கலாம்.

பைப் ரெஞ்சு, சங்கிலிக் கப்பி, பெரிய ஸ்பேனர்கள் ஆகியவை விலை கூடியவை. ஆண்டுக்கு ஓரிரு முறையே தேவைப்படும். இவற்றைப் பத்து உழவர்கள் சேர்ந்து பொதுவாக வாங்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழு இருக்கும் ஊரில், பெரிய இயந்திரம் வாங்குவதைப் பற்றி மட்டும் பேசாமல் இந்தக் கருவிப் பெட்டியைப் பற்றியும் பேசுங்கள். ஒருவர் பொறுப்பில் வைத்து, எடுத்தவர் பெயரை நோட்டில் எழுதி, திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து எண்ணெய் பூசித் தர வேண்டும் என்று விதி செய்துகொள்ளுங்கள்.

வாங்கிய பின் பராமரிப்பும் முக்கியம். மண்வெட்டியை மண்ணோடு மூலையில் சாத்தக் கூடாது. கழுவித் துடைத்து, பழைய என்ஜின் எண்ணெய் தடவி வையுங்கள். ஸ்பேனரால் ஆணி அடிப்பதும், திருப்புளியை உளியாகப் பயன்படுத்துவதும் நல்ல கருவியையும் கெடுக்கும். உளியின் தலை காளான்போல் விரிந்தால் உடனே தீட்டிச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கருவியால் காயம்பட்டால் மண் அப்பாமல், சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடலைப் பெரியவரை அண்மையில் மீண்டும் பார்த்தேன். பம்பு அறையில் ஆணி அடித்து ஐந்து ஸ்பேனர்களை வரிசையாக மாட்டியிருந்தார். பழைய பெட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். "பேரன் ஸ்கூல் பென்சிலெல்லாம் போட்டு வச்சிருக்கான் சார். பெட்டி நல்லா உழைக்குது" என்றார்.